மரக்காணத்து உப்பு வயல்கள்

ஆரோவில்லுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பொன் தகடு போர்த்த மாத்ரிமந்திர்க் கோளத்தையும் அதன் பக்கத்திலுள்ள ஆலமரத்தையும் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிவிடுவது வழக்கம். நாம் தெற்கே திரும்பாமல் வடக்கே திரும்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது கிலோமீட்டர் போவதற்குள் மரக்காணம் வந்துவிடுகிறது. வழி நெடுகப் பனைமரங்களும் சவுக்குத் தோப்புகளும் கூடவே வருகின்றன. பிறகு மரங்கள் பின்தங்கிவிடுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து வைத்தாற்போல் தண்ணீர்ப் பாத்திகள். அவற்றின் ஓரங்களில் வெள்ளைக் குன்றுகள். பனி பெய்யாத நாட்டில் பனிமலைக் காட்சியைக் காண விரும்புகிறவர்கள் சித்திரை மாதத்தில் இங்கே வரலாம். ஆனால் குடை கொண்டு வருவது நல்லது!

உப்பு விளையும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. ஒரு பெரிய வேலையைப் பல பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது எப்படி, யாருடைய பங்கு கனத்துப் போகிறது, யாருடைய பங்கு லேசாகிவிடுகிறது என்ற விஷயத்தை மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளில் பெரிய சாஸ்திரமாகப் படிக்கிறார்கள். அந்தச் சாஸ்திரத்தின் பாடம் முழுவதையும், சுவரும் கூரையும் இல்லாத ஒரு தொழிற்சாலையில் மரக்காணத்தில் கண்டோம். அதைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மேடும் கரையும்

1968-ம் வருஷம் பிப்ரவரி 28-ம் தேதி 124 நாடுகளின் பிரதிநிதிகள் ஒவ்வொரு பிடி மண் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அப்போது அந்த மேடு மரமற்ற செம்மண் பொட்டல். மழை பெய்தால் மேல் மண் கரைந்து ஓடைகளின் வழியாகக் கடலைப் பார்க்கப் போய்விடும். அங்கே குடியேறியவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று வரப்புப் போட்டது. பெய்த மழை பெய்த இடத்திலேயே நின்று பூமிக்குள் இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். இன்று அங்கே நிற்கும் காட்டுக்கு அந்த வரப்புகளே மூலகாரணம் என்று சொல்லலாம்.

மரக்காணத்திலும் எங்கே பார்த்தாலும் வரப்புத்தான். ஆனால் மேட்டு வரப்பு நல்ல தண்ணீரைத் தேக்குகிறது. கரை வரப்பு உப்புத் தண்ணீரைத் தேக்குகிறது. முன்னது பூமிக்குள் இறங்குவதற்காக. பின்னது ஆகாயத்துக்கு ஏறுவதற்காக.

சூரியனை வேலைக்கு அமர்த்துவதிலும் இரண்டு இடங்களுக்கும் ஒற்றுமை உண்டு. ஆரோவில்லில் 1997-ம் வருஷத்தில் ஒரு பொதுச் சமையல்கூடம் கட்டி, அதன் கூரைமேல் 15 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை அமைத்தார்கள். அது வெயிலைத் திரட்டி நீராவி உண்டாக்குகிறது. நாள்தோறும் ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம் என்பது திட்டம். மேகம் மூடினால் சூரியனால் முடியாத பங்கை எண்ணெய்க் கொதிகலன் ஏற்றுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒருவனால் முடியாதபோது இன்னொருவன் கைகொடுப்பது என்ற இந்தச் சின்ன ஏற்பாட்டை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உப்பளத்தில் அதுவே பெரிய பிரச்னையாக வந்து நிற்கப் போகிறது.

பழைய ஊர், பழைய தொழில்

மரக்காணம் நேற்று முளைத்த ஊர் அல்ல. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்தப் பகுதியில்தான் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். இங்குள்ள பூமீசுவரர் ஆலயத்துச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் உப்பளங்களைப் பற்றிய பேச்சு வருகிறது. வண்டிகளில் உப்பேற்றி ஊர் ஊராகச் சென்ற உமணர்களைச் சங்கப் புலவர்கள் பலமுறை பாடியிருக்கிறார்கள். பிற்காலத்தில் சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வந்த பக்கிங்காம் கால்வாய் இந்த ஊரோடு நின்றது. ரயிலும் லாரியும் மலிந்திராத நாளில் அந்தக் கால்வாயில் ஓடிய படகுகளின் சரக்குகளில் உப்பும் ஒன்று.

பக்கத்திலுள்ள புதுச்சேரியின் கதை வேறு. 1815-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி, பிரெஞ்சு எல்லையில் விளையும் உப்பைத் தாங்களே வாங்கிக்கொள்ளும் ஏகபோக உரிமையை ஆங்கிலேயர் பெற்றார்கள். அதற்கு ஈடாக வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதன் பின் சில வருஷங்களுக்குள் அங்கே உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. கடலும் அதே கடல். வெயிலும் அதே வெயில். நடுவில் ஒரு கோடு கிழித்ததும் ஒரு பக்கத்துப் பாத்திகள் வேலை செய்தன. மறு பக்கத்துப் பாத்திகள் சும்மா கிடந்தன. உப்புக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு தண்டியில் தொடங்கியதல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

தண்ணீர் போகும் வரிசை

உப்பு எப்படி விளைகிறது? கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டால் வெயிலில் வற்றி உப்பாகிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படி ஒரே பாத்தியில் வற்றவிட்டால் கிடைப்பது வாயில் வைக்க முடியாத கசப்பும் சுண்ணாம்பும் கலந்த ஒரு பொருள். நல்ல உப்பு வேண்டுமானால் தண்ணீர் ஒரு வரிசையாகப் பல இடங்களில் தங்கித் தங்கிப் போக வேண்டும்.

முதல் இடம் தேக்கம். கழிமுகத்திலிருந்தோ கால்வாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வந்த உப்புநீர் அங்கே நின்று தெளிகிறது. முற்காலத்தில் ஏற்றம் இறைத்தார்கள். இப்போது மோட்டார் பம்பு இறைக்கிறது. அடுத்தது நடுப் பாத்திகள். இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் மெதுவாக நகர்ந்து முற்றிக்கொண்டே போகிறது. கடைசியில் உப்புப் பாத்தி. அங்கேதான் மணி மணியாக உப்பு இறங்குகிறது.

தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அளக்கிறார்கள். 1768-ம் வருஷத்தில் இதை ஏற்படுத்தியவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு ரசாயனி. அளத்துக்காரர்கள் 'டிகிரி' என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். கடல் தண்ணீர் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. முதலில் சுண்ணாம்புச் சத்தும், 13 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சமும் நடுப் பாத்திகளிலேயே படிந்துவிடுகின்றன. 25 டிகிரியைக் கடந்ததும் உப்பு இறங்கத் தொடங்குகிறது. 29, 30 டிகிரிக்குமேல் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கும். அதை வெளியே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு கசந்து, ஈரம் வாங்கி, நம் வீட்டு ஜாடியில் கசிந்து நிற்கும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரில் சாதாரண உப்பு சுமார் 27 கிலோ இருக்கிறது. அந்த ஆயிரம் லிட்டரும் 25 டிகிரிக்கு வருவதற்குள் ஏறக்குறைய நூறு லிட்டராகக் குறுகிவிடும். அதாவது தொள்ளாயிரம் லிட்டரை ஆகாயத்துக்கு அனுப்ப வேண்டியது தேக்கமும் நடுப் பாத்திகளும். உப்புப் பாத்திக்கு மிஞ்சும் வேலை எழுபது லிட்டர்தான். பெயர் வாங்குவது கடைசிப் பாத்தி. பாடுபடுவது நடுப் பாத்திகள். குடும்பங்களிலும் ஆபீஸ்களிலும் நாம் இதைக் கண்டதில்லையா?

முற்றிய தண்ணீர் மெதுவாகத்தான் வற்றும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், வெறும் கடல் தண்ணீரை நம்பியிருக்கிற அளத்தில் ஒரு பங்கு உப்புப் பாத்திக்குச் சுமார் பத்துப் பங்கு விஸ்தீரணம் மற்றவற்றுக்கு வேண்டியிருக்கிறது. கடல் தண்ணீரைவிடச் செறிவான கிணற்று நீர் கிடைத்தால் அந்தப் பங்கு வெகுவாகக் குறையும். இடம் சும்மா கிடக்கிறதே என்று உப்புப் பாத்திகளை அதிகமாகப் போட்டுவிட்டால், முற்றாத தண்ணீரை அவசரமாக இறக்க நேரும். ஜிப்சம் கலந்த மட்டமான உப்புத்தான் கிடைக்கும். நடுப் பாத்திகளை அதிகமாகப் போட்டால், தண்ணீர் தயாராகி, இறங்க இடமில்லாமல், நடு வழியிலேயே உப்பு உறைந்துவிடும்.

நாம் கண்டறிந்த முதல் பாடம் இது: எல்லாப் பாத்தியும் சம அளவாக இருப்பது சரியான பங்கீடு ஆகாது. வேலை அதிகமாக இருக்கும் இடத்துக்கு இடமும் அதிகமாகக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வரிசை தடைபடாமல் நகரும். அளம் போட்ட முன்னோர்கள் இந்தச் சூத்திரத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தண்ணீரும் வெயிலுமே அவர்களுக்கு உபாத்தியாயர்கள்.

மனிதர் போகும் வரிசை

தண்ணீரின் வரிசை உப்புப் பாத்தியோடு முடிகிறது. மனிதரின் வரிசை அங்கே தொடங்குகிறது.

தை, மாசி மாதங்களில் மழை வெள்ளம் வடிந்ததும் பாத்தியில் படிந்த சேற்றை எடுத்து, வரப்பைச் சரிசெய்து, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். தரை சிமெண்டைப்போல இறுகினால்தான் வாரும்போது உப்பில் மண் கலக்காது. உப்புப் படிந்ததும், நீண்ட கழியில் பலகை கோத்த வாருபலகையால் ஒருவர் பாத்திக்குள் நின்று உப்பைக் கரையோரமாக வாரிக் குவிக்கிறார். தண்ணீர் வடிந்த பிறகு ஒருவர் கூடையில் அள்ளிக் கொடுக்கிறார். சும்மாடு கட்டிய தலையில் அதை ஏற்றிக்கொண்டு மற்றவர்கள் வரப்புமேல் நடந்து மேட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒருவர் அதை வாங்கி அம்பாரமாகக் குவித்துச் சீர்படுத்துகிறார். பிறகு ஓலை மூடுவது, மூட்டை பிடிப்பது, நிறுப்பது, லாரியில் ஏற்றுவது.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பரப்பிலிருந்து வருகிற ஒளி கண்ணைப் பிளந்துவிடும். நாம் போனபோது ஒரு பெரியவர் பாத்திக்குள் நின்று வாரிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, ஒரு பாத்தியை வாரி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டோம்.

"வாருறது என் கையில இருக்குதுங்க ஐயா. முடியறது இவங்க கால்ல இருக்குது" என்று சொல்லி, கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்களைக் காட்டினார்.

தொழிற்சாலைச் சாஸ்திரத்தின் தலையாய சூத்திரத்தை அந்தப் பெரியவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். ஒரு வரிசையின் வேகம், அதில் மிக மெதுவாக நகரும் இடத்தின் வேகம்தான். மற்றவர்கள் எவ்வளவு விரைந்தாலும் அந்த இடத்துக்கு முன்னால் சரக்குக் குவியுமே ஒழிய, வரிசையின் முடிவில் ஒரு கூடைகூட அதிகமாக வராது.

போர்டு துரையின் எட்டு அங்குலம்

இந்தச் சூத்திரத்தைக் கொண்டு உலகத்தையே மாற்றியவர் அமெரிக்காவின் ஹென்றி போர்டு. 1913-ம் வருஷத்தில் ஹைலண்டு பார்க் என்ற இடத்திலிருந்த அவருடைய ஆலையில் மாக்னெட்டோ என்னும் மின்சாரக் கருவியை ஒரே தொழிலாளி முழுவதும் பூட்டிவந்தார். ஒன்றுக்கு 20 நிமிஷம் ஆயிற்று. அந்த வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். நேரம் 13 நிமிஷம் 10 விநாடியாகக் குறைந்தது. 1914-ம் வருஷத்தில் வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அவ்வளவுதான், நேரம் 7 நிமிஷமாயிற்று. பிறகு நகரும் வேகத்தைச் சரிசெய்து 5 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். மோட்டார் வண்டியின் அடிச்சட்டம் முழுவதையும் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த காரியம் 93 நிமிஷத்தில் முடிந்தது.

அந்த எட்டு அங்குலத்தை நாம் மறக்கக்கூடாது. வேலையைப் பிரித்தது பாதி வெற்றி. குனிந்த முதுகை நிமிர்த்தியது மீதி வெற்றி. ஆனால் நாள் முழுதும் ஒரே திருகாணியைத் திருகும் வேலையில் மனிதர்கள் தங்கவில்லை. 1913-ல் ஆட்கள் விட்டுப் போவதும் புது ஆட்களைச் சேர்ப்பதும் ஓயாத தலைவலியாகப் போய், 1914 ஜனவரியில் தினக் கூலியை ஐந்து டாலராக உயர்த்தினார்கள்.

பின்னர் கணித நிபுணர்களும் இதில் புகுந்தார்கள். 1955-ம் வருஷத்தில் சால்வசன் என்பவர் இதை ஒரு கணிதப் பிரச்னையாக எழுதி வெளியிட்டார். எந்தெந்த வேலையை எந்தெந்த இடத்தில் சேர்த்தால் யாரும் சும்மா நிற்காமலும் யாரும் திணறாமலும் இருப்பார்கள் என்பதே பிரச்னை. கேட்பதற்குச் சுலபமாயிருக்கிறது. ஆனால் பத்தே பத்து வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதற்கு 36 லட்சத்துக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. வாராமல் அள்ள முடியாது, வடியாமல் சுமக்க முடியாது என்ற முன்பின் நியதிகளால் பல வழிகள் அடைபடுகின்றன. மிஞ்சியவற்றில் நல்ல வழியைத் தேடுவதற்குக் கம்ப்யூட்டர்களும் இன்று திணறுவதுண்டு.

ஏழு பேர், ஒரு கணக்கு

வாசகர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் மரக்காணத்துப் பிரச்னையை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு கூடை உப்பை வார 2 நிமிஷம். அள்ளி நிரப்ப 1 நிமிஷம். பக்கத்துப் பாத்தியிலிருந்து மேட்டுக்குச் சுமந்து போய்த் திரும்ப 3 நிமிஷம். அம்பாரம் சேர்க்க 1 நிமிஷம். ஆக மொத்தம் 7 நிமிஷ வேலை. ஏழு பேர் இருக்கிறார்கள். வார இருவர், நிரப்ப ஒருவர், சுமக்க மூவர், சேர்க்க ஒருவர் என்று நிறுத்தினால் நிமிஷத்துக்கு ஒரு கூடை. மணிக்கு 60 கூடை. யாரும் சும்மா நிற்கவில்லை. அற்புதமான பங்கீடு!

மறுநாள் தூரத்துப் பாத்திக்குப் போகிறார்கள். சுமக்கும் நேரம் 6 நிமிஷமாகிறது. மற்றவை மாறவில்லை. அதே மூவர் சுமந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கூடைதான் மேடேறும், மணிக்கு 30. வாருகிறவர்கள் பாதி நேரம் பலகையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். சுமக்கிறவர்களோ நிற்கவே இல்லை. "சீக்கிரம் நடங்கள்" என்ற குரல் வேறு.

இப்போது ஒரு மாறுதல் செய்வோம். வாருகிற இருவருமே கூடையை நிரப்பிக் கொடுக்கட்டும். நிரப்பியவர் நாலாவது ஆளாகச் சுமக்க வரட்டும். நால்வர் சுமந்தால் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு கூடை. வாருகிறவர்களுக்கு வார 2, நிரப்ப 1, ஆக 3 நிமிஷ வேலை. இருவர் பங்கிட்டால் அதுவும் ஒன்றரை நிமிஷம். பொருந்திவிட்டது! மணிக்கு 40 கூடை. அதே ஏழு பேர்; யாரையும் விரட்டாமல், ஒருவரை இடம் மாற்றியதால் பத்துக் கூடை அதிகம். தூரத்துப் பாத்தியில் மொத்தம் 10 நிமிஷ வேலையை ஏழு பேர் அணுவளவும் வீணாகாமல் பங்கிட்டாலும் மணிக்கு 42 கூடைக்கு மேல் வராது. ஆகவே 40 என்பது மிக நல்ல பங்கீடு.

கணக்கு இவ்வளவு சுலபமாயிருக்க, காரியத்தில் ஏன் நடப்பதில்லை? பல அளங்களில் வாருவது ஆண்கள் வேலை, சுமப்பது பெண்கள் வேலை என்று வழக்கம் கோடு கிழித்து வைத்திருக்கிறது. புதுச்சேரி எல்லையில் கிழித்த கோட்டைப்போல இதற்கு உடன்படிக்கைகூடக் கிடையாது. வாருகிறவர் கூடை நிரப்ப வந்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அதன் பலனாக வரிசையின் குறை முழுவதும் ஒரே இடத்தில், பெண்ணின் தலையில், போய் உட்கார்ந்துகொள்கிறது.

நாம் ஒரு அம்மாளைக் கேட்டோம்: "அம்மா, பக்கத்துப் பாத்திக்கும் தூரத்துப் பாத்திக்கும் கூலி ஒன்றுதானா?"

"கூலிக்குத் தூரம் தெரியாதுங்க ஐயா. கழுத்துக்குத்தான் தெரியும்" என்றாள் அந்த அம்மாள், நடையை நிறுத்தாமலே.

இந்தப் பதிலில் கணித நிபுணர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நாம் மேலே போட்ட கணக்கில் எல்லோருடைய நிமிஷமும் ஒரே விலை. ஆனால் அம்பாரத்தருகே நிற்பவருக்கு ஒன்றரை நிமிஷத்தில் அரை நிமிஷம் ஓய்வு கிடைக்கிறது. சுமப்பவருக்கு அரை விநாடியும் இல்லை. உப்புநீரில் நிற்பவருடைய காலில் புண். வரப்பில் நடப்பவருடைய கழுத்தில் வலி. கடிகாரத்தில் சமமாக நிற்கும் பங்கீடு உடம்பில் சமமாக நிற்பதில்லை. ஆகையால் ஆட்களை முறை மாற்றி நிறுத்த வேண்டும். கூலியில் தூரத்தையும் சேர்க்க வேண்டும். வரப்பை அகலப்படுத்தித் தள்ளுவண்டி போகும்படி செய்தால் இன்னும் நல்லது. அதுதான் மரக்காணத்துக்கு வேண்டிய எட்டு அங்குலம்.

மழை வந்த பிறகு

இந்த வரிசைக்கு இன்னொரு குறை உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்தியும் வரப்பும் ஒன்றாகிவிடுகின்றன. நடு வெயிலில் ஓயாத வேலை. மழையில் வேலையே இல்லை. ஒன்பது மாதத்து வேலையைப் பன்னிரண்டு மாதத்து வயிற்றுக்குப் பங்கிட வேண்டிய கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது. 2022-ம் வருஷத்தில் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மேகம் மூடும்போது கைகொடுக்க ஒரு கொதிகலன் வேண்டும் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது நல்ல ஆரம்பம்.

இதே மழையைப் பங்கிட்டுக்கொள்வதில் இயற்கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், பக்கத்திலுள்ள கழுவேலிக்குப் போக வேண்டும். ஆரோவில்லுக்கும் மரக்காணத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் இந்த ஏரி, மழைநீரையும் கழிமுகத்தின் வழியாக ஏறிவரும் உப்புநீரையும் ஏற்றுக்கொண்டு, வெள்ளத்தில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும், இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2021-ம் வருஷத்தில் இது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ம் வருஷத்தில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ஜாபிதாவில் இடம்பெற்றது. மழைக்காலத்தில் அங்கே வந்து இறங்கும் பறவைகளுக்கு வேலையில்லாக் காலம் என்று ஒன்று கிடையாது!

சம பங்கும் நியாயப் பங்கும்

உப்பென்றால் 1930-ம் வருஷத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ஏப்ரல் 6-ம் தேதி காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார். ஒரு வாரம் கழித்து ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, 30-ம் தேதி வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானார். பதினேழு வருஷங்களுக்குப் பிறகு, 1947-ல், உப்பு வரி ஒழிந்தது.

அந்த வரியை அநியாயம் என்று தேசம் ஏன் எதிர்த்தது? மேலோட்டமாகப் பார்த்தால் அது எல்லோருக்கும் ஒரே வரி. ஜமீன்தாரும் ஒரு சேர் உப்புக்கு அதே வரி. கூலிக்காரனும் அதே வரி. அந்தச் சமத்துவமே அநியாயம் என்பதுதான் காந்தியடிகளின் வாதம். வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்திலே, ஏழையின் நிலையிலிருந்து பார்த்தால் இதைவிடக் கொடிய வரி இல்லை என்ற கருத்தை அவர் சொல்லியிருந்தார். தாங்குகிறவனுடைய தோளைப் பார்க்காமல் சுமையை மட்டும் சமமாக வெட்டிக் கொடுப்பது பங்கீடு ஆகாது.

மரக்காணத்து நடுப் பாத்திகள் சொல்வதும் இதுதான்; கூடை சுமந்த அம்மாள் சொன்னதும் இதுதான். தண்ணீருக்கு நியாயமாகப் பங்கிட்டுக் கொடுத்த அதே அளத்தில், மனிதருக்கு மட்டும் வழக்கம் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. முதல் பங்கீட்டை மாற்றினால் உப்புக் கெட்டுவிடும் என்பதால் யாரும் மாற்றத் துணியவில்லை. இரண்டாவதை மாற்றாததால் கெடுவது என்ன என்பதை அளந்து காட்ட இன்னும் ஒரு கண்ணாடிக் குழாய் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்தக் கணக்கை உப்பளத்தோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. நம் வீடுகளிலும் விடியற்காலம் முதல் ஒரு வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் பிடிப்பது, காய் நறுக்குவது, அடுப்படியில் நிற்பது, பிள்ளைகளைக் கிளப்புவது, பாத்திரம் துலக்குவது. இவற்றில் எந்த இடத்தில் கூடைகள் குவிந்து கிடக்கின்றன, யார் பலகையை ஊன்றிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை, இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தவர்கள் சற்றே தலை நிமிர்ந்து பார்த்தால் போதும். அடுக்களையிலிருந்து கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து போவது உத்தமம்.